வெளிநாட்டுச் சுற்றுலாவில் கைச்செலவுப் பணம்: எங்கே கரைகிறது, ஏன் கரைகிறது

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குத் திட்டமிடுவோர் விமானக் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் பல இணையதளங்களில் ஒப்பிட்டுப் பார்த்து, நாள் பார்த்து, நேரம் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். கைச்செலவுக்கான பணத்தில் மட்டும் இந்தக் கவனம் இருப்பதில்லை. விமான நிலையத்தில் முதலில் கண்ணில் படும் நாணய மாற்று முகப்பில் ஒரு தொகையை மாற்றிக்கொண்டு, மற்றதை அட்டை பார்த்துக்கொள்ளும் என்று கிளம்பிவிடுகிறார்கள். பயணச்சீட்டில் மிச்சம் பிடித்ததன் ஒரு பங்கு அந்த முகப்பிலேயே போய்விடுகிறது. பயணத்தில் பணம் கரைவதற்கு நாம் வாங்கும் பொருளும் உண்ணும் உணவும் மட்டும் காரணமல்ல; ஒரு நாணயம் இன்னொரு நாணயமாக மாறும் இடமும் காரணம். அந்த மாற்றம் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று வங்கியின் கணக்கில், மற்றொன்று பயணியின் மனத்தில். இரண்டிலும் விகிதம் பெரும்பாலும் பயணிக்குப் பாதகமாகவே அமைகிறது.

முதலில் வங்கிக் கணக்கைப் பார்ப்போம். செய்திகளிலும் கைபேசிச் செயலிகளிலும் நாம் காணும் மாற்று விகிதம், பெரிய வங்கிகள் தமக்குள் பெருந்தொகைகளை வாங்கி விற்கும்போது நிலவும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள எண். தனி ஒருவருக்கு அந்த விலையில் எந்த முகவரும் நாணயம் தருவதில்லை. முகவர் அதைவிடக் கூடுதலான விலைக்கு விற்பார், குறைவான விலைக்கு வாங்குவார். இடைவெளிதான் அவருடைய வருமானம். நடுவிகிதப்படி ஓர் அயல்நாட்டு நாணயத்தின் மதிப்பு நம் நாணயத்தில் 100 என்று வைத்துக்கொள்வோம். முகவர் அதை 106-க்கு விற்று, 94-க்குத் திரும்ப வாங்குகிறார். நாம் 10,000 கொடுத்தால் 94.34 அயல் நாணயம் கிடைக்கும். பயணம் ரத்தாகி அதையே அவரிடம் திருப்பிக் கொடுத்தால் கைக்கு வருவது சுமார் 8,868. எதையும் வாங்காமல், எங்கும் போகாமல், பதினொரு சதவீதத்துக்கு மேல் இழந்திருப்போம். இத்தனைக்கும் அந்த முகப்பில் ‘கமிஷன் கிடையாது’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அது பொய்யுமல்ல, கட்டணம் என்ற பெயரில் அவர் எதையும் எடுக்கவில்லை, விகிதத்துக்குள்ளேயே எடுத்துக்கொண்டார். ஆகவே கமிஷன் எவ்வளவு என்று கேட்பதில் பயனில்லை. ‘இந்தத் தொகையைக் கொடுத்தால், எல்லாம் போக என் கையில் எவ்வளவு வரும்?’ என்று கேட்டு, வரும் எண்ணை நடுவிகிதத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மையான விலை தெரியும்.

இந்த இடைவெளி எல்லா நாணயங்களுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. மத்திய வங்கிகளின் வங்கியான பன்னாட்டுத் தீர்வு வங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கின்படி, 2022 ஏப்ரலில் உலக நாணயச் சந்தையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 7.5 டிரில்லியன் டாலர் கைமாறியது. அந்த வணிகத்தில் சுமார் 88 சதவீதத்தில் ஒரு பக்கம் அமெரிக்க டாலர் இருந்தது. அதிகம் புழங்கும் டாலர், யூரோ, யென் போன்றவற்றுக்கு எந்நேரமும் வாங்குவோரும் விற்போரும் இருப்பதால் இடைவெளி குறுகியிருக்கிறது. அரிதாகப் புழங்கும் நாணயத்தை வைத்திருக்கும் முகவர், அதை வாங்க அடுத்த ஆள் எப்போது வருவார் என்று தெரியாமல் முடக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையையும் விலையில் சேர்த்துவிடுகிறார். போதாததற்கு, இரண்டு சிறிய நாணயங்களுக்கு இடையே நேரடிச் சந்தை பெரும்பாலும் இல்லாததால், முதல் நாணயம் டாலராகி, டாலர் இரண்டாவதாக மாறி, இரண்டு படிகளிலும் இடைவெளி கழிகிறது. அதிகம் புழங்காத நாணயத்தைப் புறப்படும் ஊரில் தேடி அலைவதைவிட, போய்ச் சேர்ந்த ஊரில் வாங்குவது பொதுவாக மலிவாக இருப்பது இதனால்தான்.

சில நாணயங்களை வெளியே வாங்கவே வழியில்லை. துனீசியாவின் தினாரை நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் சட்டம் இடம் தருவதில்லை. மொராக்கோவின் திர்ஹாமை 2,000 வரை மட்டுமே எடுத்துச் செல்லலாம். இத்தகைய நாடுகளில் மாற்றிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்; திரும்பும்போது மீந்ததை மாற்றிக் கேட்டால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அர்ஜென்டினாவின் நிலை இன்னொரு வகை. 2019-இல் அங்கு நாணயக் கட்டுப்பாடுகள் வந்த பிறகு அரசு விகிதத்துக்கும் தெருச் சந்தை விகிதத்துக்கும் இடையே சில காலங்களில் ஏறக்குறைய இரு மடங்கு வேறுபாடு இருந்தது. அட்டையில் செலுத்திய பயணி அதே உணவுக்கு ரொக்கம் கொடுத்தவரைவிட இரு மடங்கு செலவு செய்தார். 2022-இன் இறுதியில் வெளிநாட்டு அட்டைகளுக்குத் தனி விகிதம் வந்தது. 2025 ஏப்ரலில் தனிநபர்களுக்கான கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் போய் வந்தவர் நல்லெண்ணத்துடன் சொல்லும் அறிவுரை இன்று முற்றிலும் தலைகீழாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

இனி அட்டைகள். வெளிநாட்டுக் கடையில் அட்டையைக் காட்டும்போது, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகள் தம் அன்றாட விகிதத்தில் தொகையை மாற்றுகின்றன. அவ்விகிதம் நடுவிகிதத்துக்கு மிக அருகில் இருக்கும். இரு நிறுவனங்களும் அதைத் தம் தளங்களில் வெளியிடுகின்றன. அதன்மீது அட்டை வழங்கிய வங்கி தன் பங்குக்கு அயல்நாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் ஒன்றைச் சேர்க்கிறது. இது சில அட்டைகளில் கிடையாது, பலவற்றில் மூன்று சதவீதத்தை ஒட்டி இருக்கும், சிலவற்றில் அதையும் தாண்டும். ஒரே வங்கியின் இரண்டு அட்டைகளுக்கு இரண்டு வேறு கட்டணங்கள் இருப்பதும் உண்டு. கையில் இருக்கும் அட்டைகளில் எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் புறப்படுமுன் கட்டண அட்டவணையைப் படித்து முடிவு செய்வது அரை மணி நேர வேலை. பயணத்தின் மொத்தச் செலவில் அது ஏற்படுத்தும் வேறுபாட்டை எண்ணினால், அந்த அரை மணிக்கு இதைவிட நல்ல ஊதியம் வேறெங்கும் கிடைக்காது.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பது மட்டும் தனிக்கதை. கடையில் பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் ரொக்கத்துக்குப் பொதுவாகக் கிடையாது. பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும், தனிக் கட்டணமும் சேரும். ரொக்கத்துக்கு டெபிட் கார்டே ஏற்றது. அதிலும் ஏடிஎம் வைத்திருக்கும் உள்ளூர் வங்கி ஒரு முறைக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்கலாம். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒரு முறைக்கு 220 பாட் என்பது பல ஆண்டுகளாகப் பரவலாக இருந்த வழக்கம். நிலையான கட்டணம் என்றால் சிறுகச் சிறுக எடுப்பவரே அதிகம் இழப்பார்: 2,000 பாட் எடுப்பவருக்கு அது 11 சதவீதம், 20,000 எடுப்பவருக்கு 1.1 சதவீதம். பெருந்தொகையைச் சுமந்து திரிவதில் திருட்டு அச்சம் உண்டு என்பதால், மூன்று நான்கு நாள் செலவுக்கானதை ஒருமுறையில் எடுப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. வங்கி திறந்திருக்கும் நேரத்தில், அதன் கிளையோடு ஒட்டிய எந்திரத்தில் எடுத்தால், எந்திரம் அட்டையை விழுங்கிவிட்டாலும் கேட்பதற்கு உள்ளே ஆள் இருப்பார்.

எந்திரத் திரையிலும் கடை முகப்பிலும் தோன்றும் ஒரு கேள்விதான் பயணிகளிடமிருந்து மிக எளிதாகப் பணத்தைப் பறிப்பது: ‘உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா?’ தெரிந்த நாணயத்தில் தொகையைப் பார்ப்பது ஆறுதலாக இருப்பதால் பலரும் சொந்த நாணயத்தைத் தொட்டுவிடுகிறார்கள். தொட்ட கணமே, மாற்றும் வேலை வலையமைப்பின் கையிலிருந்து கடைக்காரரின் வங்கிக்கோ எந்திரத்தின் உரிமையாளருக்கோ போய்விடுகிறது. அவர்கள் தாம் விரும்பிய விகிதத்தைப் போடுகிறார்கள். அது நடுவிகிதத்தைவிடப் பல சதவீதம் மோசமாக இருக்கலாம், கிடைக்கும் லாபத்தில் கடைக்கும் ஒரு பங்கு போகலாம். பயணியின் வங்கி, வெளிநாட்டில் நடந்த பரிவர்த்தனை என்ற காரணத்துக்காகத் தன் கட்டணத்தையும் விடாமல் எடுக்கக்கூடும். அதாவது ஒரே மாற்றத்துக்கு இருமுறை விலை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் ஒரு விதிமுறை கொண்டுவந்து, இப்படி மாற்றித் தருவோர் ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்தைவிடத் தாம் எத்தனை சதவீதம் கூடுதலாக வாங்குகிறோம் என்பதைப் பணம் செலுத்துமுன் காட்ட வேண்டும் என்று 2020 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. காட்டுகிறார்கள், ஆனால் வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, அறிமுகமில்லாத மொழியில் ஒளிரும் திரையில் அந்தச் சிறிய எழுத்தை எத்தனை பேர் படிப்பார்கள்?

ஏடிஎம்மில் இந்தக் கேள்வி இன்னும் நயமாக வருகிறது. ‘மாற்றத்தை ஏற்கிறேன்’, ‘மாற்றத்தை மறுக்கிறேன்’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். மறுத்தால் பணமே வராதோ என்ற அச்சத்தில் பயணி ஏற்பதை அழுத்துகிறார். மறுத்தாலும் பணம் வரும்; விகிதத்தை மட்டும் அவருடைய சொந்த வங்கி முடிவு செய்யும். உள்ளூர் நாணயத்தில் செலுத்துவது என்பது ஏறக்குறைய விதிவிலக்கில்லாத விதி. கடைக்காரர் தாமாகவே சொந்த நாணயத்தைத் தேர்ந்துவிட்டால், கையெழுத்திடுவதற்கோ ரகசிய எண்ணை அழுத்துவதற்கோ முன்பே ரத்து செய்து மீண்டும் போடச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த நாளில் நாணயம் மாற்றுவது என்று விகிதத்தின் ஏற்ற இறக்கத்தைத் துரத்துவது வீண் வேலை. நிலையான நாணயங்களுக்கு இடையே ஒரு வாரத்தில் ஒன்றிரண்டு சதவீதம் அசைந்தாலே செய்தியாகிவிடும். அதை முன்கூட்டிக் கணிக்கவும் எவராலும் முடிவதில்லை. தவறான முகப்பிலும் தவறான பொத்தானிலும் போவது அதைப் போலப் பல மடங்கு.

அடுத்தது மனக்கணக்கு, இதைப் பற்றிப் பயணக் குறிப்புகளில் அதிகம் பேசப்படுவதில்லை என்பது வியப்பளிக்கிறது. ப்ரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவா என்னும் இரு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அயல் நாணயத்தில் விலையைப் பார்ப்பவர்கள் அதில் எழுதியுள்ள எண்ணின் பிடியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்றும், மாற்று விகிதத்தை அறிந்திருந்தும் போதிய அளவு திருத்திக்கொள்வதில்லை என்றும் காட்டினர். அயல் நாணயம் நம்முடையதைவிட மதிப்பு மிக்கதாக இருந்தால் விலையின் எண் சிறியதாகத் தோன்றும், கை தாராளமாகிவிடும். மதிப்புக் குறைந்ததாக இருந்தால் எண் பெரிதாகத் தோன்றும். தேவையில்லாமல் கை சுருங்கும். மதிப்பு உயர்ந்த குவைத் தினாரில் ஒரு பொருளின் விலை 6 என்று பார்க்கும்போது அது அற்பமாகவும், ஒரு டாலருக்கு 25,000-க்கு மேல் கிடைக்கும் வியட்நாம் டாங்கில் ஒரு கோப்பைக் காப்பிக்குப் பல்லாயிரம் என்று பார்க்கும்போது அது கொள்ளையாகவும் படுவது இதனால்தான். இரண்டாம் வகையில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது: பூஜ்யங்களுக்குப் பழகிய சில நாட்களில் எண்களின் அச்சம் போய், ஒரு பூஜ்யம் கூடியதோ குறைந்ததோ கண்ணில் படாமல் போகிறது. வியட்நாமின் 20,000 தாளும் 5,00,000 தாளும் நீல நிறச் சாயலில் ஒன்றை ஒன்று ஒத்திருப்பதால், அவசரத்தில் இருபத்தைந்து மடங்கு கொடுத்துவிடும் வாய்ப்பு உண்மையானது. பெரிய தாள்களைப் பணப்பையின் தனி அறையில் வைப்பது எளிய தீர்வு.

ஒவ்வொரு விலையையும் செயலியில் தட்டி மாற்றிப் பார்ப்பது இதற்கு மருந்தாகாது. இரண்டாம் நாளே சலித்துவிடும். சில நங்கூர எண்களை மனப்பாடம் செய்வது மேல். அந்நாட்டில் அதிகம் புழங்கும் தாள் ஒன்றின் மதிப்பு நம் நாணயத்தில் எவ்வளவு, அங்கே ஒரு சாதாரண உணவுக்கும் நகரப் பேருந்துப் பயணத்துக்கும் ஒரு பாட்டில் தண்ணீருக்கும் உள்ளூர்க்காரர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்ற மூன்று நான்கு எண்கள் போதும். அந்த எண்கள் பதிந்துவிட்டால், ஒரு நினைவுப்பொருளின் விலையை நம் ஊர் விலையோடு ஒப்பிடாமல், ‘இது நான்கு சாப்பாட்டுக்குச் சமம்’ என்று அங்குள்ள விலைகளோடேயே ஒப்பிட முடியும். நம் ஊர் விலையோடு மட்டுமே ஒப்பிடுபவர் மலிவான நாட்டில் எதையும் வாங்கிவிடுகிறார், விலை உயர்ந்த நாட்டில் எதையும் அனுபவிக்காமல் திரும்புகிறார்.

அதே இரு ஆய்வாளர்கள் 2009-இல் இன்னொன்றையும் காட்டினர்: ஒரே தொகை பெரிய தாளாக இருக்கும்போது செலவழிக்கத் தயங்குபவர்கள், சில்லறையாக இருக்கும்போது தயங்குவதில்லை. விடுமுறையில் இது இரட்டிப்பாகிறது, ஏனென்றால் அயல்நாட்டு நாணயங்கள் பலருக்குப் பணமாகவே தோன்றுவதில்லை. ஒவ்வொரு நாளின் செலவுத் தொகையையும் காலையில் தனியே பிரித்து வைத்துக்கொள்வது பழைய முறைதான். ஆனால் அட்டையைத் தொட்டுவிட்டுப் போகும் இக்காலத்தில் அதன் பயன் கூடியிருக்கிறது. தாமஸ் குக் நிறுவனம் 1870-களில் வெளியிட்ட, வெளிநாட்டில் கொடுத்துப் பணம் பெறும் சீட்டுகளான சுற்றுக் குறிப்புகளும், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891-இல் அறிமுகப்படுத்திய பயணக் காசோலையும் ஓர் ஒழுங்கைத் தாமாகவே விதித்தன: எவ்வளவு செலவழிப்பது என்பதைப் புறப்படுமுன் தீர்மானித்து, அந்தத் தொகையை வாங்கிக்கொண்டே கிளம்ப வேண்டியிருந்தது. முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் இன்றைய பயண அட்டை அதன் வாரிசு. விகிதத்தை முன்பே உறுதிசெய்துகொள்ளலாம், ஏற்றியதற்கு மேல் போகாது, திருடு போனால் முடக்கலாம் என்பன அதன் பலம். ஏற்றுவதற்கும் எடுப்பதற்கும் பயன்படுத்தாமல் வைத்திருப்பதற்கும் திரும்பப் பெறுவதற்கும் தனித்தனிக் கட்டணங்கள் இருக்கக்கூடும் என்பது பலவீனம். அட்டையில் ஏற்றாத நாணயத்தில் செலவு செய்தால் மீண்டும் ஒரு மாற்றம், மீண்டும் ஓர் இடைவெளி.

அன்றாடத் தொகையை நிர்ணயிக்கும்போது, விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள் கணக்கைக் குலைக்கின்றன. அமெரிக்காவில் கடையில் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. அமர்ந்து உண்ணும் உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம் அன்பளிப்பு எதிர்பார்க்கப்படும். ஜப்பானில் வரி உள்ளிட்ட விலையைக் காட்டுவது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். அன்பளிப்பு வழக்கமும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் சுற்றுலா வரி. வெனிஸ் அதே ஆண்டு முதல் குறிப்பிட்ட சில நாட்களில் பகல்நேரப் பார்வையாளரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. பூட்டான் பெரும்பாலான வெளிநாட்டவரிடம் ஓர் இரவுக்கு 100 டாலர் வாங்குகிறது. இவற்றை எல்லாம் அன்றாடச் செலவிலிருந்து பிரித்து, தவிர்க்க முடியாதவை என்ற தலைப்பில் முன்பே ஒதுக்கிவிட்டால், மீதமுள்ளது உண்மையிலேயே நம் விருப்பத்துக்கு உட்பட்ட பணமாக இருக்கும்.

வங்கிக் கணக்கில் இருக்கும் தொகை எல்லாம் செலவழிக்கக் கூடியதும் அல்ல. விடுதிகளும் வாடகைக் கார் நிறுவனங்களும் சேதத்துக்கு ஈடாக ஒரு தொகையை அட்டையில் முடக்கி வைக்கின்றன. கிரெடிட் கார்டு என்றால் கடன் வரம்பு குறையும். டெபிட் கார்டு என்றால் சொந்தப் பணமே முடங்கும், அறையைக் காலி செய்த பிறகு அது விடுபடப் பல நாட்கள் ஆகலாம். ஒரே டெபிட் கார்டை நம்பிப் போகும் பயணி, கணக்கில் பணம் இருந்தும் இல்லாதவராகிவிடும் நிலை இப்படித்தான் வருகிறது. குறைந்தது இரண்டு அட்டைகள், முடிந்தால் இரு வேறு வலையமைப்புகளைச் சேர்ந்தவை, இரு வேறு பைகளில் இருக்க வேண்டும். சீனா போன்ற நாடுகளில் அட்டையைவிடக் கைபேசியே பணப்பை. அலிபே, வீசாட் ஆகிய செயலிகளில் வெளிநாட்டு அட்டையை இணைக்கும் வசதி 2023-இல் பரவலானது, 200 யுவானைத் தாண்டும் பரிவர்த்தனைக்கு 3 சதவீதக் கட்டணம் என்ற நிபந்தனையுடன். செயலியைப் பதிவிறக்கி அட்டையைச் சரிபார்க்கும் வேலையைப் புறப்படுமுன் முடிப்பது நல்லது, ஏனெனில் சரிபார்ப்பு எண் வரும் சிம் அங்கே இயங்காமல் போகலாம்.

பெரிய பொருள் வாங்குவோர் நம்பிச் செல்லும் நாட்டைவிட்டு வெளியேறும் பயணிக்கு மதிப்புக்கூட்டு வரியைத் திருப்பித் தரும் சலுகையும் எண்ணிய அளவு கிடைப்பதில்லை. வரி 20 சதவீதம் என்றால், விலைச்சீட்டில் உள்ள தொகையில் அது ஆறில் ஒரு பங்குதான், அதாவது 16.7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலும் திருப்பித் தரும் முகவர் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்வார். பணத்தை எந்த நாணயத்தில் வேண்டும் என்று அவர் கேட்கும்போது, கடை முகப்பில் சந்தித்த அதே பழைய கேள்விதான் மீண்டும் வருகிறது. பொருளைப் பயன்படுத்தாமல், சுங்க முத்திரை வாங்கும்வரை பெட்டியில் பூட்டாமல் வைத்திருக்க வேண்டும். பிரிட்டன் 2021 ஜனவரி முதல் வடக்கு அயர்லாந்து தவிர்த்த பகுதிகளில் இந்தச் சலுகையையே நிறுத்திவிட்டது.

பயணத்தின் கடைசி நாட்களில் கையில் எஞ்சும் ரொக்கத்துக்குத் தனிக் கவனம் தேவை. நாணய மாற்று முகவர்கள் பெரும்பாலும் காசுகளை வாங்குவதில்லை. தாள்களையும் குறைந்த விலைக்கே வாங்குவார்கள். மீந்த ரொக்கம் முழுவதையும் விடுதிக் கணக்கில் முதலில் செலுத்திவிட்டு, பாக்கியை மட்டும் அட்டையில் போடச் சொல்வது இழப்பில்லாத வழி. பெரும்பாலான விடுதிகள் மறுப்பதில்லை. அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று தாள்களை எடுத்து வைப்பவர்கள், நாடுகள் தம் தாள்களை மாற்றுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இங்கிலாந்து வங்கியின் காகித 20, 50 பவுண்டு தாள்கள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாமல் போயின. அவ்வங்கியிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். குரோஷியா 2023-இலும் பல்கேரியா 2026-இலும் யூரோவுக்கு மாறின. எடுத்துச் செல்லும் டாலர் தாள்களைப் பொறுத்தவரை, கிழிந்தவற்றையும் கறை பட்டவற்றையும் கம்போடியா போன்ற நாடுகளில் வாங்க மறுப்பார்கள் என்பதால், கிடைக்கும்போதே பார்த்து வாங்குவது நல்லது.

ஊர் திரும்பிய பிறகும் ஒன்றிரண்டு மாதங்களுக்கு அட்டையின் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் பார்க்க வேண்டும். முடக்கிய தொகை விடுபட்டதா, ஒரே செலவு இருமுறை பதிவாகியிருக்கிறதா, உள்ளூர் நாணயத்தில் போடச் சொன்னது உண்மையிலேயே அப்படித்தான் பதிவாகியதா என்பவை அப்போதுதான் தெரியும். திருப்பிக் கொடுத்த பொருளுக்கான தொகை, வாங்கிய நாளின் விகிதத்தில் அல்லாமல் திருப்பிய நாளின் விகிதத்தில் வரும். முதலில் எடுத்த பரிவர்த்தனைக் கட்டணத்தை வங்கி திருப்பித் தராமலும் இருக்கலாம். தவறான பதிவுகளை மறுத்து எழுதுவதற்கு வங்கிகள் கால வரம்பு வைத்திருப்பதால், ரசீதுகளை அதுவரையாவது தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.